என் காலால் அளந்த வீடு

வரைபடத்தை மேசையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு கிளாஸை வைத்தார் அப்பா. வரைந்து கொடுத்தவர் சுத்தமான கைக்காரர். மாடி கிடையாது, ஒரே தளம். முன்னால் மூன்று படி, படியேறினால் வாசல், பிறகு கூடம், சாமி அறை, அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, வந்து போகிறவர்கள் தங்க ஓர் அறை. கடைசியில் சமையலறை. அதை ஒட்டி என் அறையும் குளியலறையும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் சக்கர நாற்காலிக்கான சரிவு எங்கே என்று தேடினேன். இருந்தது. சமையலறைக் கதவிலிருந்து இறங்கிப் பின்சந்துக்குப் போனது.

“இது யாருக்குப்பா?” என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

“உனக்குத்தாம்மா. பின்னால ரோடு கொஞ்சம் மேடா இருக்குல்ல, ஈசிலா. சின்ன சரிவு போட்டா போதும்.”

பினாங்கில் வளர்ந்தவர்களுக்குப் பின்சந்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்து வீடுகளில் வாளிக் கக்கூஸ்தான். வாளி எடுக்க வருகிறவர் முன்வாசலுக்கு வரமாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் சந்தில் வந்து, சுவரிலிருக்கும் குட்டிக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். அவர் வரும் சத்தம் கேட்டால் அம்மா ஜன்னலைச் சாத்துவாள். குப்பைத் தொட்டியும் அங்கேதான், செத்த எலியும் அங்கேதான். எண்பதுகள் பிறந்து வாளி போய்விட்டது, ஆனால் சந்து சந்தாகத்தான் இருந்தது.

“அப்பா, நான் கக்கூஸ் வாளி இல்ல,” என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். “விளக்கு வைக்கிற நேரத்துல வாயில என்ன வார்த்தை வருது பாரு!”

வார்த்தை வந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கால் போகாத இடத்துக்கெல்லாம் அதுதான் போய்வரும்.

மூன்று வயதில் போலியோ வந்து என் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் நின்றதில்லை. ஆனால் சும்மா இருந்ததும் இல்லை. படித்தேன், பரீட்சை எழுதினேன், ஜார்ஜ் டவுனில் கடலோரமாக இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை வாங்கினேன். லைனில் வந்த கப்பல்காரர்களோ வியாபாரிகளோ நான் நின்றுகொண்டு பேசுகிறேனா உட்கார்ந்துகொண்டு பேசுகிறேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் கால் ஒரு விஷயமாக இருந்ததெல்லாம் எங்கள் வீட்டுப் படியில்தான்.

ஜெலுத்தோங்கில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்தில், குட்டைத் தூண்கள்மேல் நின்ற பலகை வீடு அது. முன்னால் மூன்று மரப்படி. தினமும் காலையில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று படியையும் இறங்கி, காத்திருக்கும் பெச்சாவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், உட்கார வைப்பார். பெச்சாக்காரர் நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு மிதிப்பார். சாயங்காலம் மறுபடியும் தூக்கல். முப்பது வயதுப் பெண்ணை அறுபதைத் தொடப்போகும் மனிதர் தூக்கிக்கொண்டு இறங்குவதைச் சந்து முழுக்க நின்று பார்க்கும். “பாவம்” என்பார்கள். அவரைச் சொன்னார்களா என்னைச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மழைநாள் காலையில் இரண்டாவது படியில் அப்பாவுக்கு வழுக்கிவிட்டது. அவர் என்னை விடவில்லை. விட்டிருந்தால் கையை ஊன்றியிருக்கலாம். விடாததால் இடுப்பு படியில் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் இரண்டு வாரம் படுத்திருந்தார். நானும் இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை, தூக்க ஆளில்லை. படுத்திருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, போலியோமேல்கூட இல்லை. மூன்று பலகைமேல்.

எப்படியும் அந்த வீட்டைக் கறையான் பாதி தின்றிருந்தது. இடித்துவிட்டுக் கல் வீடு கட்டலாம் என்று முடிவானது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிளார்க், அவருக்கு எந்த பேங்கும் கடன் தராது. சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். அதனால் கடன் என் பேரில், அதற்காக நிலத்தின் உரிமைப் பத்திரமும் என் பேருக்கு மாறியது. அதை நாங்கள் கெரான் என்போம். அம்மாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஆனால் கெரானில் பேர் இருக்கிறவளுக்குப் பின்சந்தில் வழி போட்டதில் அவளுக்கு எந்த முரணும் தெரியவில்லை.

நான் கேட்டது பெரிய காரியமில்லை. முன்வாசல் வழியாக, யார் கையும் என்மேல் படாமல், நானே வெளியே போக வேண்டும், நானே உள்ளே வர வேண்டும். அது வரைபடத்தில் வரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேனாவை மூடி வைத்தேன்.

அடுத்த ஒரு வாரம் பேசியபோதெல்லாம் ஒரு தடை வந்தது. மழை பெய்தால் சந்தில் தண்ணீர் ஏறும், வீட்டை ஒன்றரை அடியாவது தூக்கித்தான் கட்ட வேண்டும் என்றார் அப்பா. தூக்குங்கள், சரிவையும் நீளமாகப் போடுங்கள் என்றேன். வரைந்தவரிடம் நானே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் பதினெட்டு அடி வேண்டும், படியை எடுத்துவிட்டுப் பாதியில் ஒரு திருப்பம் வைத்தால் முன்பக்கமே இடம் போதும் என்றார்.

“முன்னால சரிவு போட்டா காடி நிறுத்த இடம் போயிடும்மா,” என்றார் அப்பா.

“நம்மகிட்ட காடி இருக்காப்பா?”

“நாளைக்கு வாங்கலாம்ல.”

அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். இல்லாத காருக்கு முன்னால் இடம், இருக்கிற நாற்காலிக்குப் பின்னால் இடம். அதைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மாவின் தடை வேறு. “வாசல்ல அவ்ளோ பெரிய சரிவு இருந்தா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

“உள்ள ஒருத்தி நடக்க மாட்டான்னு நினைப்பாங்க. அது ஊருக்கே தெரியுமேம்மா.”

பதில் இல்லாதவர்கள் செய்வதை அவளும் செய்தாள். பட்டர்வொர்த்துக்குப் போன் போட்டுப் பெரியப்பாவை வரச் சொன்னாள்.

அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு தனி இடம் உண்டு. யார் வீடு கட்டினாலும் அவர்தான் மனையடி சாஸ்திரம் பார்ப்பார். எத்தனை அடியில் அறை இருந்தால் செல்வம், எத்தனை அடியில் இருந்தால் சீக்கு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெரியில் ஏறி, பிளாஸ்டிக் பையில் ஒரு கிழிந்த புத்தகத்தோடு வந்து இறங்கினார். காப்பியைக் குடித்தார், வரைபடத்தைப் பார்த்தார், என் பக்கம் திரும்பாமல் அப்பாவிடம் கேட்டார்.

“என்ன தம்பி, பாப்பா ஏதோ பிடிவாதம் பிடிக்குதாமே?”

பாப்பா என்றால் நான். முப்பது வயதுப் பாப்பா. என்னைப் பற்றி என் எதிரிலேயே மற்றவர்களிடம் விசாரிப்பது எல்லாருக்கும் பழக்கம். ‘அதுக்குச் சீனி போடலாமா’ என்று என் காப்பியைக்கூட அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள்.

“பாப்பா இங்கதான் இருக்கேன் பெரியப்பா. என்னையே கேளுங்க,” என்றேன்.

கேட்டார். முதலில் படி. வாசலுக்குப் படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், ஒன்று, மூன்று, ஐந்து. படியே இல்லாமல் எப்படி வீடு கட்டுவது?

“சரிவு எத்தனை இருக்கு பெரியப்பா?”

“ஒண்ணு.”

“ஒண்ணு ஒத்தப்படைதானே?”

அப்பா இருமினார். சிரிப்பை அடக்கினால் அவருக்கு இருமல் வரும்.

இரண்டாவது தடை நிலைப்படி. வாசல் சட்டத்தின் அடியில் குறுக்கே வரும் மரம் அது. நாலு அங்குலம் தரையைவிட உயர்ந்து நிற்கும், என் நாற்காலிக்கு அது சுவர்தான். அந்த மரத்தைத் தரையோடு தரையாகப் பதித்துவிடலாம் என்று வரைந்தவரிடம் நான் முன்பே பேசியிருந்தேன். பெரியப்பா காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

“லட்சுமி உக்காந்திருக்கிற இடம்மா அது! கால் படக்கூடாதுன்னு தாண்டிப் போறோம். நீ அது மேல வண்டிய ஏத்துவியா?”

“கால்தானே படக்கூடாது பெரியப்பா? நீங்க தடுக்கி மிதிச்சிருப்பீங்க, அப்பா மிதிச்சிருப்பாரு, அம்மா தண்ணிக் குடத்தோட வரும்போது எத்தன வாட்டி மிதிச்சிருக்காங்க. மூணு வயசுலேருந்து நிலைப்படிய மிதிக்காத ஒரே ஆளு இந்தக் குடும்பத்துல நான்தான். லட்சுமிக்கு என் மேல என்ன கோவம் வரப்போகுது?”

அவர் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக்குள் போனார். அதுதான் மூன்றாவது, எண்கள்.

என் குளியலறைக்கு ஏழடி கேட்டிருந்தேன். கயிறு கட்டி, நாற்காலியை வட்டமாகத் திருப்பிப் பார்த்து, கக்கூஸுக்குப் பக்கத்தில் போய் நிற்க எவ்வளவு வேண்டும் என்று அளந்து வந்த ஏழு அது. எட்டாக்கினால் அம்மாவின் சமையலறை சுருங்கும், ஆறாக்கினால் நாற்காலி திரும்பாது. பெரியப்பா ஏழைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“ஏழு தரித்திரம்மா. ஆறுன்னா ரொம்ப நல்லது. ஆறாப் போட்டுடலாம்.”

“ஆறுல உள்ள போயிட்டுத் திரும்ப முடியாது பெரியப்பா.”

“ஏன் திரும்பணும்? அப்படியே ரிவர்ஸ்ல வெளியே வந்துடேன்.”

எனக்குக் காது சூடேறியது. அவர் கெட்டவர் இல்லை. நான் சின்னவளாக இருந்தபோது தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரம்வரை தோளில் வைத்துத் தூக்கிப் போனவர். ஆனால் காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு லாரி மாதிரி பின்னாலேயே வெளியே வருவது எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. யோசித்துக் கேட்டதில்லை.

“அடி அடின்னு சொல்றீங்களே, எந்த அடி பெரியப்பா?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாஸ்திரத்தில் சந்தேகம் கேட்டால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். “நல்லா கேட்டே! இப்ப நாம அளக்கிற பன்னண்டு அங்குல அடி வெள்ளக்காரன் கொண்டாந்ததும்மா. நம்ம பெரியவங்க கணக்கு அதில்ல. வீட்டுக்கு யாரு உடையவங்களோ, அவங்க காலடி நீளம்தான் ஒரு அடி. அவங்க பாதத்த வச்சு அளந்து கட்டுனா அந்த வீடு அவங்கள விட்டுப் போகாது.”

“இந்த வீட்டுக்கு உடையவங்க யாரு?”

அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். கெரான் யார் பேரில் இருக்கிறது என்று பெரியப்பாவுக்கும் தெரியும்.

கடைசியில் பெரியப்பாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அது சரிம்மா. ஆனா குறைப்பட்ட காலால அளந்தா, வீடும் குறைப்பட்டுப் போயிடும்.”

எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒன்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

அம்மா எழுந்தாள். தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் என் முழங்காலுக்கு மேல் ஒரு கைலியைப் போட்டு, பாதம் தெரியாமல் மூடிவைப்பது அவள் வழக்கம். அன்றைக்கும் மூடியிருந்தாள். அந்தக் கைலியை அவளே உருவிப் போட்டாள். என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல்வரை நாடாவைப் பிடித்தாள்.

“எட்டரை,” என்று சத்தமாகச் சொன்னாள். வலது காலை எடுத்தாள். “ஏழே முக்கால்.”

பிறகு பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “இந்தக் கால நான்தான் பெத்தேன் அத்தான். இதுல வீடு கட்டக் கூடாதுன்னா எங்கிட்ட சொல்லுங்க.”

அவளுக்கு முன்வாசல் சரிவு பிடித்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. பிடித்திருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் என்னைச் சொன்ன எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். பெரியப்பா காப்பி டம்ளரை எடுத்துப் பார்த்து, காலியாக இருந்ததால் வைத்துவிட்டு, “எழுதும்மா” என்றார்.

மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு காலும் ஒரே அளவு. எனக்கு இரண்டு அளவு, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இடது காலை எடுத்தேன். எட்டரை அங்குலம் ஓர் அடி. குளியலறை என் காலால் பத்தடி, அது சாஸ்திரத்தில் சோற்றுக்குக் குறைவில்லாத எண். பத்து எட்டரை எண்பத்தைந்து அங்குலம், வெள்ளைக்காரன் கணக்கில் ஏழடி ஓர் அங்குலம். நான் கேட்டதைவிட ஓர் அங்குலம் கூடுதல்! என் அறை பதினாறடி, செல்வம் சேரும். உண்மையில் பதினோரடி நாலங்குலம். வாசலிலிருந்து பின்கட்டுவரை போகும் நடை ஆறடி அகலம், உண்மையில் நாலேகால். நாற்காலி தாராளமாகப் போகும். பெரியப்பா ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்து, பென்சிலை நக்கி நக்கி டிக் போட்டார். சாயங்கால ஃபெரிக்குப் போகும்போது அவருக்கே திருப்தி. ஒரு தரித்திரம்கூட இல்லாத வீடு, அவர் பார்த்ததிலேயே இதுதான் முதலாம்.

வரைந்தவர் எல்லாவற்றையும் திருத்தித் தந்தார். கையெழுத்துப் போட்டேன். பழைய வீட்டை இடித்தார்கள். பக்கத்துச் சந்தில் தரையோடு இருந்த ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம்.

அதோடு முடிந்திருந்தால் எங்கள் குடும்பம் எங்கள் குடும்பமாக இருக்காது. வீடு கட்ட ஒத்துக்கொண்டவர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. வரைபடம் மீட்டர் கணக்கில் இருந்தது, அது அவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் ‘காக்கி’யில் எழுதித் தரச் சொன்னார். மலாயில் காக்கி என்றால் அடி, கால் என்றாலும் காக்கிதான். என்னிடம் இரண்டு தாள் இருந்தன. ஒன்று பெரியப்பாவுக்காக என் கால் கணக்கில், இன்னொன்று ஊர்க் கணக்கில். அப்பா நல்ல கையெழுத்தில் மலாயில் நகலெடுத்துத் தவுக்கேயிடம் கொடுத்தார். எடுத்தது எந்தத் தாள் என்று சொல்லவும் வேண்டுமா?

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து பெச்சாவை நேராகக் கட்டுமான இடத்துக்கு விடச் சொன்னேன். முளையடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். தவுக்கே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கோடு எங்கள் வடிகாலைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். இது வீடா கல்யாண மண்டபமா என்று தவுக்கே மலாயில் என்னைக் கேட்டார். அப்பா தாளைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், பிறகு மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“காக்கி தப்பு,” என்றேன் தவுக்கேயிடம். “இது வேற காக்கி.”

“காக்கி சியாப்பா?” என்றார். யாருடைய கால்?

செருப்பைக் கழற்றி என் இடது காலைக் காட்டினேன். எந்தக் கைலியும் இல்லை. அவர் குனிந்து பார்த்தார். இரக்கமும் இல்லை, கூச்சமும் இல்லை, புதிதாக வந்த ஓர் அளவுகோலைப் பார்க்கிற பார்வை. தன் இடுப்பிலிருந்த நாடாவை உருவி, கேட்காமலேயே அளந்தார். தலையை ஆட்டினார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்பாவும் சிரித்தார், பெச்சாக்காரர்கூடச் சிரித்தார். நானும்தான்.

கயிற்றை அவிழ்க்கும் முன்னால் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்றேன். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே, நடை இருக்கப்போகிற இடத்தில் நாற்காலியை உருட்டினேன். மண் கெட்டியாக இருந்தது. அப்பா என் கூடவே வந்தார். செம்பருத்தி வேலிக்கு என்ன பதில் சொல்வது என்று ஏதோ பேசிக்கொண்டே வந்தார். பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் வீட்டுக்குள் எல்லாரும் எனக்குப் பின்னால்தான் வந்திருக்கிறார்கள், தள்ளிக்கொண்டு. அல்லது என்னைத் தூக்கியிருக்கிறார்கள். பேசும்போது முகம் தெரியாது, தலைக்கு மேலிருந்து குரல் மட்டும் வரும். இங்கே அவர் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத கன்னம், காதோரம் நரை, எல்லாம்.

“தவுக்கே, எல்லாத்தையும் குறைங்க. நடை மட்டும் ஆறு காக்கி, உங்க காக்கிலேயே இருக்கட்டும்,” என்றேன்.

“அப்ப ஹால் சின்னதாயிடும்மா,” என்றார் அப்பா. “வர்றவங்க எங்க உக்காருவாங்க?”

“நெருக்கி உக்காரட்டும்.”

வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலு நாள் வருவார்கள். நான் தினமும் இருக்கிறேன். பெரியப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆறு எந்தக் காலால் அளந்தாலும் ஆறுதான், நல்ல எண்தான் என்றார்.

புதுமனை புகும் நாளில் முன்னால் கூட்டம். பட்டர்வொர்த்திலிருந்து உறவுக்காரர்கள், என் ஆபீஸ்காரர்கள் இருவர், பக்கத்து வீட்டம்மா, ஒரு பெட்டி ஆரஞ்சோடு தவுக்கே. அம்மா பால் பானையோடு நின்றாள். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நேரமாச்சு. வீட்டுக்கு உடையவங்க வலது காலை எடுத்து வச்சு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “தம்பி, நீ முதல்ல போயேன்,” என்றார்.

அப்பா முன்னால் போகவில்லை. என்னிடம் வந்தார். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. குனிந்து ஒரு கையை என் முழங்காலுக்கு அடியில் கொடுத்தார்.

“வேணாம்பா,” என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பதினெட்டு அடி. ஆபீஸ் தரையில் உருட்டுவது வேறு, சரிவில் ஏறுவது வேறு. திருப்பத்துக்கு வரும்போதே தோள் எரிந்தது. பட்டுப்புடவை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இடுக்கிக்கொண்டேன். யாரோ பின்னால் ஓடி வந்து நாற்காலியைப் பிடித்தார்கள். “கைய எடுங்க,” என்றேன், யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல நேரம் போகிறது என்று கீழே ஒரு குரல் சொன்னது. போகட்டும். முப்பது வருஷம் நான் காத்திருந்தேன், நல்ல நேரம் ஐந்து நிமிஷம் காத்திருக்கக் கூடாதா?

நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். தரையோடு தரையாக இருந்தது. சக்கரம் அதைக் கடந்ததே எனக்குத் தெரியவில்லை. திடீரென்று உள்ளே இருந்தேன். பெயின்ட் வாசனை, வெறும் சுவர், நான். கூட யாரும் இல்லை. வெளியே அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் ஏறி வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு கணம் புரியவில்லை.

நாற்காலியைத் திருப்பி வாசலுக்கு வந்தேன். வீட்டை ஒன்றரை அடி தூக்கிக் கட்டியிருந்தோம் அல்லவா, அந்த உயரத்தில், உட்கார்ந்தபடியே, கீழே நின்றவர்களின் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தேன். என்னைக் குனிந்து பார்த்தே பழகியவர்கள். அப்போதுதான் அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று புரிந்தது. வீட்டுக்காரர் கூப்பிடாமல் யார் உள்ளே வருவார்கள்? பழைய வீட்டில் யார் வந்தாலும் அம்மாதான் கூப்பிடுவாள், நான் உள்ளறையில் இருப்பேன், தேவைப்பட்டால் என்னை எடுத்து வந்து காட்டுவார்கள். வாசலில் இருந்து ஒருவரைக்கூட நான் கூப்பிட்டதில்லை.

“வாங்க,” என்றேன். நாள் முழுக்க டெலிபோனில் பேசிப் பழகிய குரல், அன்றைக்கு உடைந்துவிட்டது. இன்னொரு தடவை சொன்னேன். “எல்லாரும் உள்ள வாங்க.”

பெரியப்பா முதலில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தேடி, இல்லாததால் சரிவில் பார்த்துப் பார்த்து ஏறினார். அம்மா பால் பானையோடு வந்தாள். ஒவ்வொருவராக, வாழைப்பழச் சீப்பு, குத்துவிளக்கு, ஆரஞ்சுப் பெட்டி என்று ஆளுக்கொன்றைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அப்பா மட்டும் கீழே நின்றார். அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேட்டியில் துடைத்தார், பின்னால் கட்டினார், மறுபடியும் தொங்கவிட்டார்.

“அப்பா, வாங்க,” என்றேன்.

புது வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு வரக்கூடாது என்பார்கள். அப்பா கையை வீசிக்கொண்டுதான் வந்தார்.